ரோட்டைவிட ஆகாயம் பத்திரமாம்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
24.10.94

அன்புள்ள மகன் முனிவேலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். காவேரிப்பட்டினத்தில் உன் தங்கை முனிலட்சுமியும் அவள் வீட்டாரும் சுகம். உன் அப்பாவைப் பற்றி மட்டும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அந்தக் கூத்தைப் பின்னால் சொல்கிறேன். நீ அங்கே அமெரிக்காவில் இரண்டு காலும் தரையில் பதிய சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் கடிதம் ஆயுதபூஜைக்கு நாலைந்து நாள் முன்னால் வந்தது. வழக்கம்போல அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார், நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். வேலை, குளிர், நீ வைத்த ரசம் கசந்தது என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில், நவம்பர் கடைசியில் லீவு வருகிறது, ஆபீஸ் சிநேகிதர்களோடு ஏரோப்ளேனில் ஏறி, பாராசூட் கட்டிக்கொண்டு ஆகாயத்திலிருந்து குதிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா அங்கே நிறுத்தி, கடிதத்தைத் திருப்பி, உன் கையெழுத்துதானா என்று பார்த்தார். நீதான். ஒரு வெள்ளைக்காரன் உன்னைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பானாம், நீ ஒன்றுமே செய்ய வேண்டாமாம், சும்மா தொங்கிக்கொண்டு வந்தால் போதுமாம். குரங்குக்குட்டிகூட தாயைத் தானே பிடித்துக்கொள்ளும். உனக்கு அந்த வேலையும் இல்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, பையனுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று சாமிக்குக் காசு முடிந்து வைத்துவிட்டு இருந்திருப்பேன். நீ பெரிய மேதாவி ஆயிற்றே, கணக்கு வேறு எழுதியிருக்கிறாய். ஒரு வருஷம் கார் ஓட்டுகிறவர்களில் சாகிறவர்கள் இத்தனை பேர், ஒரு தடவை குதிப்பவர்களில் சாகிறவர்கள் அதைவிட எவ்வளவோ குறைவு, ஆகவே நான் தினம் ஆபீசுக்குக் கார் ஓட்டிப் போவதுதான் ஆபத்து, குதிப்பது ஆபத்தே இல்லை, அம்மா பயப்பட வேண்டாம் என்று. ஏண்டா, ஒரு வருஷ ஓட்டத்தை ஒரு பக்கமும் ஒரே ஒரு குதியை ஒரு பக்கமும் வைத்து நிறுக்கிறாயே, குந்தாரப்பள்ளி சந்தையில் ஒரு மந்தை ஆட்டுக்கு எதிரே ஒரு குட்டியை நிறுத்தி, பார் இது எவ்வளவு லேசு என்று சொன்னால் ஆட்டுத் தரகன் உன்னைச் சும்மா விடுவானா? காரில் போவது போல தினம் காலையும் மாலையும் ஏரோப்ளேனிலிருந்து குதித்து ஆபீசுக்குப் போய் வருகிறவன் எவனாவது இருந்தால் அவனைக் கூப்பிட்டுக் கணக்குப் போடு. இருக்க மாட்டான்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தக் குதிக்கிற மைதானம் ஊருக்கு வெளியே வெகுதூரம், விடியற்காலையில் காரில் கிளம்ப வேண்டும் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். அப்படியானால் ரோட்டு ஆபத்து போய்விட்டதா? அதையும் தாண்டிப் போய்த்தான் மேலே ஏறப்போகிறாய். மழையில் நனைந்தவன், எப்படியும் நனைந்தாகிவிட்டது என்று கிணற்றில் குதித்தானாம், அந்தப் புத்திதான் இது. இதற்குத்தான் உன்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தோமா? பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அய்யோ சிவனே, ஏம்மா, அவ்ளோ தூரம் இட்டுக்கினு போய் ஏரோப்ளேன்ல இருந்து தள்ளிவுட்டுத்தான் வேலை குடுப்பாங்களா என்று கேட்கிறாள். இல்லம்மா, சும்மா ஆசைக்குக் குதிக்கிறான் என்றேன். அவளுக்கு முகமே மாறிவிட்டது, அன்றிலிருந்து என்னிடம் பரிதாபமாகப் பேசுகிறாள். இதுவும் உன்னால் எனக்கு வந்த மரியாதை.

இப்போது உன் அப்பாவின் கதைக்கு வருகிறேன். குதிப்பது ஆபத்தில்லை என்று நீ எழுதினாய் அல்லவா, அந்தப் பாதி அவர் காதில் ஏறவே இல்லை. ரோடு ஆபத்து என்கிற பாதி மட்டும் ஏறிவிட்டது. ரோடே எமன்டி, பையன் கணக்குப் போட்டு எழுதியிருக்கான் பாரு என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு. மறுநாளிலிருந்து மொபெட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, ஆள் இல்லாத தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். வருஷக்கணக்காக அந்த ஹைவேயில் போய் வந்த மனிதர், பால்கார ஆயா சைக்கிளில் அவரைத் தாண்டிப் போனாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வருஷாவருஷம் ஆயுதபூஜைக்கு மொபெட்டுக்கு ஒரு பொட்டு, ஒரு முழம் சாமந்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், அதோடு சரி. இந்த வருஷம் பார்த்திருக்க வேண்டும் நீ! ரோடு எமன் ஆகிவிட்டதே, எலுமிச்சம்பழம் போதுமா? பூசணிக்காய் வந்தது, என்னால் அதை நகர்த்தக்கூட முடியவில்லை. கம்பெனி பஸ்ஸுக்குக் கட்டுவது போல வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார், கட்டிய பிறகு வாழைத்தோட்டம்தான் தெரிந்தது, வண்டி தெரியவில்லை. காயில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைப் பொட்டலம் பொட்டலமாகக் கொட்டி, கற்பூரம் ஏற்றி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் தெருமுனையில், மெயின் ரோடு சேருகிற இடத்தில், நட்டநடுவில் போட்டு உடைத்தார். ஓரமா ஒடைங்க, வர்றவன் போறவன் வழுக்கி உழுவப் போறான் என்று வாசலில் நின்று கத்தினேன். நடு ரோட்டுல ஒடைச்சாத்தாண்டி திருஷ்டி போவும், உனக்கு இன்னா தெரியும் என்றார். உடைத்துவிட்டு மலைக்கோயில் அடிவாரம் வரைக்கும் ஒரு சுற்றுப் போய், கும்பிட்டு, திருநீறு வாங்கித் தனக்கும் வண்டிக்கும் பூசிக்கொண்டு திரும்பி வந்தார். தெருமுனையில் திரும்பும்போது வாழை இலை முகத்தில் அடித்தது, நேராகப் போய்ப் பூசணிக்காய்மேல் ஏற்றினார். எவனோ உடைத்த காய் இல்லை, அவரே உடைத்த காய். அவ்வளவு குங்குமம் ஓசூரிலேயே வேறு எவன் காயிலும் கிடையாது. சட்டை முழுக்கச் செக்கச்செவேல் என்று கிடந்தாரா, நான் ரத்தம் என்று நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடினேன். கிட்டே போனால் பூசணி விதை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காறை எலும்பு முறிந்திருக்கிறது. தோளைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், தீபாவளி தாண்டித்தான் வேலைக்குப் போக முடியும். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு லாரி இடித்துவிட்டது என்று சொன்னார் உன் அப்பா. நான் பக்கத்திலேயே நின்றேன், பூசணிக்காய் என்று திருத்தினேன். உண்மையைச் சொன்னால் லாரி ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்தது. டிரைவர் ஒரு கன்னடக்காரன், எப்படித்தான் பிரேக் போட்டானோ, அவர் தலைக்கு அருகே சக்கரம் நின்றது. அவனே இறங்கி வந்து, டீக்கடைக் கங்கப்பனும் அவனுமாக அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அந்த டிரைவர் ஒரு நொடி அசந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் இப்படிக் கேலி பேசி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், நீயும் வேறு காரணத்துக்காக ஏரோப்ளேன் ஏறியிருப்பாய்.

சரி, உன் கணக்கு ஜெயித்துவிட்டது, ரோடுதான் ஆபத்து, போதுமா? கைதட்டிக்கொள். ரோடு ஆபத்து என்று எனக்குச் சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து ஆள் வேண்டுமா? உன்னோடு பள்ளிக்கூடம் போன பெரியதம்பி போன வருஷம் ஹைவேயில் அடிபட்டுப் போனானே, அவனும் உன் கணக்கு மாதிரி ஒரு கணக்கில் எங்கேயோ ஓர் எண்ணாக இருப்பான். அவன் ஆசைக்கு ரோட்டுக்குப் போகவில்லை முனிவேலு, காலை ஷிப்டுக்குப் போனான். போகாவிட்டால் அந்த வீட்டில் உலை இல்லை. ரோட்டில் போகிறவன் எல்லாரும் போயாக வேண்டும் என்று போகிறான், பயத்தையும் சோற்று டப்பாவையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போகிறான். உன்னை மேலே ஏறு என்று யார் அடித்தது? அவனுடைய சாவை எடுத்துக்கொண்டு வந்து உன் விளையாட்டுக்குச் சாட்சி சொல்ல நிறுத்துகிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரியதம்பியின் அம்மா மாரம்மா இன்னும் தெருவில் எந்த வண்டி ஸ்டாண்டு போட்டாலும் எழுந்து வாசலுக்கு வருகிறாள். அவளிடம் போய் உன் கணக்கைப் படித்துக் காட்டு பார்க்கலாம்.

உன் அப்பா கட்டுப் போட்ட தோளோடு ஜன்னல் ஓரம் படுத்துக்கொண்டு, நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார். திட்டி எழுதுகிறாயா என்று கேட்டார், ஆமாம் என்றேன். நல்லா எழுது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கடைசீல ஒண்ணு சேத்துக்க, மேல இருந்து பாத்தா ஊரு எப்பிடித் தெரியும்னு அவன ஒரு வரி எழுதச் சொல்லு என்கிறார். பார்த்தாயா, இந்த மனிதரோடுதான் நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன். நீ எங்கிருந்து வந்தாய் என்று இப்போது தெரிகிறது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் அப்பா ஷிப்டு முடிந்து வருகிற நேரத்துக்கு நான் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்திருப்பேன், அது உனக்குத் தெரியும். வாசலில் மொபெட்டை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ராகி மாவைக் கொட்டிக் களி கிண்டுவேன். ஒரு நாள்கூட அதற்கு முன்னால் கொட்டியதில்லை. சூடாகச் சாப்பிடட்டும் என்று செய்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், நினைத்துக்கொள்ளட்டும். நீ வீடு வந்து சேர்ந்தாய் என்று சொல்ல அப்படி ஒரு சத்தம் எனக்கு இல்லை. இருந்தாலும் இத்தனை நாள் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அமெரிக்கா ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும், மாடு குறுக்கே வராது, என் பிள்ளை காரில் பத்திரமாகப் போய் வருகிறான் என்று இருந்தேன். நீ கடிதம் எழுதி, இல்லை அம்மா, அதுதான் பெரிய ஆபத்து என்று கணக்கோடு சொல்லிவிட்டாய். குதிக்கிற ஒரு நாள் மட்டும் பயப்பட வேண்டியவளைத் தினம் பயப்பட வைத்துவிட்டாய். தைரியம் சொல்ல வந்த லட்சணம் இது!

குதிக்காதே. இது என் பேச்சு. இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும், லீவுக்கு முன்னால் வந்துவிடும், அதனால் தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல உனக்கு வழி இல்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் காரை மெதுவாக ஓட்டு, தூக்கம் வந்தால் ஓரம் கட்டிவிடு. உன் காருக்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும், பூசணிக்காய் வேண்டாம். குளிரில் தலைக்குக் குல்லாய் போடு. மலைக்கோயில் சாமியும் நம் ஊர் மாரியும் உன்னை விழாமல் பிடித்துக்கொள்ளட்டும், ஆயுசுக்கும் நன்றாக இரு.

நமக்குப் போன மாசம் போன் கனெக்‌ஷன் வந்துவிட்டது, நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தினம் நீ ஆபீஸ் முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்த நம்பருக்குப் போட்டு, இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடு. நான் எடுக்க மாட்டேன், எடுத்தால் திட்டுவேன். உனக்குச் சாயங்காலம் என்றால் இங்கே விடிகாலை, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். மணி அடித்த பிறகுதான் அரிசியைப் போடுவேன். உன் அப்பா சாப்பிடுவதும் பட்டினி கிடப்பதும் இனிமேல் உன் கையில்.

இப்படிக்கு,
தரையிலிருந்து,
உன் அம்மா
சென்னம்மாள்