போகாமல் விட்ட புதன்கிழமை

அண்ணி,

நேற்று மாமல்லபுரம் கடற்கரையில் கீறின மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி என் கையில் கொடுத்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆபீஸ் பெண்கள் வேன் பிடித்துப் போயிருந்தோம். போன தையில் கல்யாணமான ஒருத்தி, சாப்பிட்ட கையோடு ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். "இன்னாடி, விசேஷமா?" என்று ஒரே சிரிப்பு. மாங்காய் அவளுக்காகத்தான் வாங்கினார்கள்.

உங்களுக்கும் அப்படித்தானே வாங்கினோம். கருங்குழி வீட்டில் நீங்கள் சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவதைப் பார்த்து அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்கு முதலில் சொன்னவள் நான்தான். கல்யாணத்தன்று "பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல கீறா" என்று சொன்ன அதே வாய்கள், நீங்கள் இளைக்க இளைக்க, "இப்பத்தான் லட்சணமா கீறே" என்றன. கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும் அதே வாந்தி உங்கள் திமிராகிவிட்டது. "ஆக்கிப் போட்டத கொட்டிட்டு வர்றா, கொழுப்பு" என்றாள் அம்மா. மதுராந்தகத்தில் காட்டிய டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிடும்" என்றார். முடியவில்லை என்று வந்து நிற்பவளிடம் சொல்கிற பேச்சா அது?

குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பிட்டதை வலிய வாந்தி எடுக்கிற இந்த நோய்க்கென்றே பார்க்கிற டாக்டரம்மா செங்கல்பட்டில் ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்து, உங்களை ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். எடை பார்க்கும்போது, "முள்ளப் பாக்க வேணாம்மா, என்னப் பாத்து நில்லுங்க" என்றார். பிறகு, "எவ்ளோ நாளா தனியா கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டார். நீங்கள் அழுத அழுகையில் நானும் அழுதேன். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த எங்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. திரும்பும்போது படாளத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி டீ குடித்தீர்கள். "முழு டீடி. பயமே இல்லாம குடிச்சிட்டேன்" என்று கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினீர்கள்.

அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார். வாராவாரம் வர வேண்டும், வீட்டு ஆட்களும் வர வேண்டும் என்று. அந்தப் புதன்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டராண்ட போய்கினு கீறான்னு தெரிஞ்சா எவன் நம்ம வூட்ல பொண்ணு எடுப்பான்?" என்றாள் அம்மா. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். ஸ்கூட்டர் சாவி என் கையில்தான் இருந்தது. நீங்கள் எனக்குத் தலை பின்னிவிட்டு, வந்தவர்களுக்குக் கேசரி கிண்டினீர்கள். "நல்ல எடம்டி. நான் அடுத்த புதன் போய்க்கிறேன்" என்றீர்கள்.

அடுத்த புதனும் ஏதோ வேலை வந்தது. அப்புறம் என் கல்யாண வேலை. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம், வாந்தி எடுத்து எடுத்தே ஓய்ந்துபோன உங்கள் இதயம் நின்றுபோனது. சாவு வீட்டில் எல்லாரும் விதி என்றார்கள். விதியாம்! கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுக்கு எத்தனை பஸ் போகிறது, அண்ணி?

நேற்று மாங்காயைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைத் தனியே கூட்டிப் போனேன். தண்ணீர் கொடுத்து, "எவ்ளோ நாளா தனியா கஷ்டப்படுறே?" என்று கேட்டேன்.

"வேன்ல வந்தது ஒத்துக்கலக்கா, அவ்ளோதான்" என்றாள்.

இருக்கலாம். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் திரும்பும்போது, படாளம் தாண்டியதும், பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க்கா அப்படிக் கேட்டீங்க?"

என் கைப்பையில் டாக்டரம்மா கொடுத்த உங்கள் சீட்டு இன்னும் இருக்கிறது. அடுத்த வருகை புதன்கிழமை என்று எழுதியது. அதை எடுத்துக் காட்டி, உங்களைப் பற்றிச் சொன்னேன். மதுராந்தகம் வரும்வரை அவள் அதைத் திருப்பித் தரவில்லை.

இந்தப் புதன்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், அண்ணி. அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பேன். எங்கே கூட்டிப் போகிறாய் என்று அவள் மாமியார் கேட்டால், செங்கல்பட்டு டாக்டரம்மாவிடம் என்று உரக்கவே சொல்வேன்.