அழுமூஞ்சிப் பொத்தான்

ஸல்த், வியாழக்கிழமை

அன்பு மகன் முன்திருக்கு உம்மா எழுதுவது. உனக்கு ஸலாம். இங்கே நானும் வாப்பாவும் உன் தங்கை தீமாவும் நலம். நலம் என்று எழுதும்போதே கை தயங்குகிறது, ஏன் என்று போகப் போகத் தெரியும். ஹம்பர்க்கில் குளிர் எப்படி, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டுதான் வெளியே போகிறாயா? உன்னோடு தங்கியிருக்கும் சித்தப்பா மகன் யஸன் விடுமுறை முடிந்து கிளம்புகிறான், அவன் கையில் ஸஅதர் மூலிகைப் பொடியும் ஊறப்போட்ட ஆலிவும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே கத்துவாய். கடிதத்தில் கத்த முடியாது, அதனால்தான்.

விஷயம் நீ என் போனில் போட்டுக் கொடுத்த அந்த ஆப். தீமாவின் மருந்து, சாப்பாடு, தூக்கம், வலிப்பு, கால் பயிற்சி எல்லாவற்றையும் தினமும் அதில் பதிந்தால் டாக்டர் லமீஸும், பயிற்சி கொடுக்கும் பெண்ணும், பள்ளி டீச்சரும், நீயும் பார்க்கலாம் என்றாய். ஒன்பது வருட மருத்துவச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுமந்து திரிந்தவளுக்கு அது பெரிய விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நீ பெருமையாகச் சொன்னபோதே பிள்ளைக்குக் கண் பட்டுவிடுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. போன வருடம் எதிர்வீட்டு உம்மு சக்ர் கேட்டாளே என்று, பிள்ளைக்கு ஒரு மாதமாக வலிப்பே இல்லை என்று வாய்தவறிச் சொன்னேன், மறுநாள் மதியமே வந்துவிட்டது. ஒரு உம்மு சக்ருக்கே அந்தக் கதி. நீ நாலு பேருக்குத் திறந்து விட்டுவிட்டு, எல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்கும் என்று வேறு சொல்கிறாய். மேகத்துக்குக் கீழே எத்தனை கண் இருக்கிறது என்று யோசித்தாயா?

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அதில் சிரிப்பிலிருந்து அழுகை வரை ஐந்து முகம் வரிசையாக இருக்கிறதல்லவா, மூன்று மாதமாக அந்தக் கடைசி அழுமூஞ்சியைத்தான் அமுக்கினேன். மன்ஸஃப் கறிச்சோறு இரண்டு தட்டு சாப்பிட்ட வெள்ளிக்கிழமை கால் தட்டு என்று போட்டேன். நன்றாகத் தூங்கினால் தூக்கமில்லை. வலிப்பே வராத வாரத்துக்கு இரண்டு. மருந்தை மட்டும் சரியாகப் போட்டேன், மருந்துக்கு யார் கண் வைப்பார்கள். பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்று போய்விடட்டும், அவ்வளவுதான் என் எண்ணம். வாப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, அவர் வாயில் எது நின்றது?

போன செவ்வாய் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா திரையைப் பார்த்து முகம் வாடி, வலிப்பு மருந்தைக் கூட்டவேண்டும் என்று சீட்டு எழுத ஆரம்பித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. முன்பு கூட்டியபோது பிள்ளை இரண்டு மாதம் தலை தொங்கித் தூங்கிக்கொண்டே இருந்தது உனக்கு நினைவிருக்கும், சிரிக்கக்கூட மறந்துபோனாள். அதே நேரம் இவள் என்ன செய்கிறாள் என்கிறாய், நாற்காலியில் சாய்ந்து எள்ளு ரொட்டியைக் கடித்துக்கொண்டு மறு கையால் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பை இழுத்து இழுத்துச் சிரிக்கிறாள். டாக்டர் பேனாவை நிறுத்தினார்.

“உம்மு முன்திர், இந்தத் திரையில இருக்கிற புள்ள யாரு, இங்க உக்காந்திருக்கிற புள்ள யாரு?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து தன் வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் திருஷ்டிக்கான நீலக்கல் ஒன்று ஊசியில் குத்தியிருந்தது.

“எனக்கும் பயந்தான். ஆனா நீங்க பொய் எழுதினா நான் அந்தப் பொய்க்குத்தான் மருந்து குடுப்பேன். குடிக்கப்போறது இவ.”

சீட்டைக் கிழித்துப் போட்டார். உண்மையை எழுதுங்கள், பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் மாஷா அல்லாஹ் என்றும் எழுதுங்கள், கண் படாது என்றார். வாப்பாவும் நானும் உட்கார்ந்து மூன்று மாதத்தையும் திருத்தினோம். சாப்பாட்டில் சண்டை வந்தது, வலிப்பில் வரவில்லை. அது வந்த நாள் எந்தத் தாய்க்கும் மறக்காது, மூன்று மாதத்தில் ஒன்றே ஒன்று. இப்போது பயிற்சிப் பெண்ணும் மாஷா அல்லாஹ் போடுகிறாள், கிறிஸ்தவப் பெண்ணான டீச்சரும் போடுகிறாள். மருத்துவப் பதிவா கல்யாண வாழ்த்தா என்று தெரியாமல் கிடக்கிறது.

ஆனால் யஸன் ஒன்று சொன்னான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் காலையில் அந்த அழுமூஞ்சியைப் பார்த்துவிட்டு நீ டீ கூடக் குடிக்காமல் வேலைக்குப் போவாயாமே. ஊர்க் கண்ணுக்குப் பயந்து உன் கண்ணுக்கும் சேர்த்து ஒளித்துவிட்டேன். மன்னித்துவிடு ராசா.

அல்லாஹ் உன் உடம்பையும் வேலையையும் காக்கட்டும், உன் தங்கைக்கு நீ நூறு வயது அண்ணனாக இரு. ஆலிவை வெயில் படாமல் வை. இனி வரும் வரியைப் படிக்குமுன் மாஷா அல்லாஹ் சொல்லிக்கொள். சொன்னாயா? பெருநாளுக்கு மறுநாள் தீமா சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு, யாரும் தாங்காமல், முதன்முதலாக எழுந்து நின்றாள். நான் பதினொன்று வரை எண்ணினேன். அன்றைக்கும் அழுமூஞ்சியைத்தான் அமுக்கினேன். எல்லா நாளையும் திருத்திவிட்டு அந்த ஒரு நாளை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். உன் போனிலிருந்தும் மாற்றலாமாம், வாப்பா சொன்னார். அதை நீயே உன் கையால் மாற்று.

இப்படிக்கு,
உன் உம்மா