சாட்சியச் சட்டத்தில் தோற்ற பிறகு

ஜனவரி 8, வியாழன்

பனிமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. ஹீட்டரில் ஒரு கம்பிதான் எரிகிறது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டும்.

புது நோட்டு. ஆபீஸ் வழக்கப்படி முதலில் பொருளடக்கம்:

1. நடந்தது என்ன.
2. ஏன் நடந்தது (கண்டறிய வேண்டும்).
3. ராஜிக்குத் தெரியாது. தெரியாமலே முடிய வேண்டும்.
4. 20-ம் தேதி வரை வேலைத் திட்டம்.
5. அதிலும் தவறினால் என்ன. (எழுதாமலும் விடலாம்.)

பொருள் 1. சட்டப் படிப்பு, மாலை வகுப்பு. ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்துச் சேர்ந்தது. சேர்ந்ததிலிருந்து ஆறு வருடத்துக்குள் எல்லாப் பேப்பரும் தேற வேண்டும் என்று விதி. முப்பதில் இருபத்தொன்பது ஆயிற்று. சாட்சியச் சட்டம் மட்டும் பாக்கி. கட்டாயப் பேப்பர், அதற்குப் பதில் வேறு எடுக்க வழியில்லை. போன மாதம் ரிசல்ட். இரண்டாம் முறையும் தோல்வி, ஆறு மார்க்கில். 20-ம் தேதி மறு தேர்வு. அத்தோடு ஆறு வருடமும் முடிகிறது. அன்று தவறினால் இருபத்தொன்பதும் போச்சு.

ரிசல்ட் அன்று ராஜி சமையலறையிலிருந்து கேட்டாள். "என்னங்க, வந்துடுச்சா?"

"ம்."

நான் சொன்னது அவ்வளவுதான். அவள் கேசரி கிளறி மூன்று மாடிக்கும் கொடுத்துவிட்டு வந்தாள். முட்டி வலியோடு. அப்புறம் எப்படிச் சொல்வது. கீழ் வீட்டு சர்தார்ஜி தினமும், "வக்கீல் சாப், நமஸ்தே!" பால் வாங்கப் பின் கேட் வழியாகப் போகிறேன்.

ராஜியின் முட்டி ஆபரேஷன்: 16-ம் தேதி என்றிருந்தது. இன்று சொன்னாள், "டாக்டர் இருபத்தொன்பதுன்னுட்டார்." ஏன் என்று கேட்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

5 டிகிரி. கையுறை போட்டால் பக்கம் புரட்ட வரவில்லை.

காலை 6 முதல் 9 வரை படிப்பு. சட்டம் புதிதாக மாறியதில் பிரிவு எண்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. அட்டவணை போட்டேன். இடப் பக்கம் பழையது, வலப் பக்கம் புதியது. மரண வாக்குமூலம்: 32 இப்போது 26. போலீசிடம் ஒப்புதல்: 25 இப்போது 23. நோட்டை மூடிவிட்டு இருபது எண்ணைச் சொல்லிப் பார்த்தேன். பதினொன்று சரி.

பொருள் 2-க்குத் தற்காலிகக் குறிப்பு: ஞாபகம். வயது 69. இருக்கலாம்.

தேறிய பேப்பர்களின் புத்தகங்கள் வழக்கம்போல் கட்டிலுக்கு அடியில் பெட்டியில். சா. சட்டம் மேஜை மேல். பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டாயிற்று. தலைப்பு தெரியாது.

சாப்பிடும்போது ராஜி: "ஆபரேஷன் செஞ்சுக்கவா, வேண்டாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

தாள் எடுத்து இரண்டு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். சாதகம் எட்டு, பாதகம் ஏழு. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள்.

"நல்லா இருக்கு. கையெழுத்துகூட முத்து முத்தா இருக்கு."

மாலையில் பார்த்தால் அந்தத் தாள் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில்.

ஜனவரி 10, சனி

நீலம் போன் செய்தாள். என்னோடு படிப்பவள். வங்கியில் வேலை, நாற்பது வயது. இதே பேப்பரில் ஒரு தடவை தோற்று, போன தடவை தேறினாள். பால்கனிக்குப் போய் மெதுவாகப் பேசினேன்.

"அங்கிள்ஜி, உங்க விடைத்தாளைப் பார்த்தீங்களா?"

"பார்க்க விடுவார்களா?"

"விண்ணப்பம் கொடுத்தா காட்டுவாங்க. நான் பார்த்தேனே. பார்த்து அழுதேன், அப்புறம்தான் பாஸ் ஆனேன்."

அன்றே ஆன்லைனில் விண்ணப்பம். திங்கள் 11 மணிக்கு வரச் சொல்லிப் பதில். பயமாக இருக்கிறது. பார்க்காமல் இருப்பது நல்லதோ.

தோசை மாவு புளிக்கவில்லை. குளிர்.

ஜனவரி 12, திங்கள்

இன்று நிறைய. வரிசையாக எழுத வேண்டும்.

(அ) ராஜியிடம், "ஐ.என்.ஏ. மார்க்கெட் போகிறேன். முருங்கைக்காய், கறிவேப்பிலை." மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் போய் ஐ.என்.ஏ.வில்தான் வண்டி மாற வேண்டும், ஆகவே பாதிப் பொய்தான்.

(ஆ) பல்கலைக்கழகம். நீண்ட மேஜை, ஆறு நாற்காலி. போனை வெளியே வைக்கச் சொன்னார்கள். நீலம் லீவு போட்டுத் துணைக்கு வந்திருந்தாள். குமாஸ்தா விடைத்தாளை வைத்துவிட்டு, "பதினைந்து நிமிஷம், பாபுஜி. ஜல்தி."

முதலில் எண்களைப் பார்த்தேன். பிரிவு எண் எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. தீர்ப்புகளின் பெயர்களும் சரி. பிறகு ஏன்?

முதல் கேள்வி. சாகும் முன் ஒரு பெண், மைத்துனன் கிணற்றில் தள்ளினான் என்கிறாள். அதை ஏற்கலாமா. மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். ஏற்கலாம் என்பதற்கு ஒன்றரைப் பக்கம், கூடாது என்பதற்கு ஒன்றரை. கடைசி வரி: "இரு கோணங்களும் பரிசீலனைக்குரியவை. தகுந்தபடி முடிவு செய்யப்படலாம்."

அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே சொல். "ஆகவே?"

இரண்டாம் கேள்வி. கடைசி வரி அதே மாதிரி. "ஆகவே?" மூன்றாம் கேள்வி. "ஆகவே?" நான்காவதில் இரண்டு முறை அடிக்கோடு. ஐந்தாவதில் அவர் சலித்துப் போய்க் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

நீலம் தோளுக்கு மேலிருந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அங்கிள்ஜி, கேட்டவனுக்கே கேள்வியைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க! இது விடையா, ஃபைலா?"

குமாஸ்தாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். காது சுட்டது.

(இ) திரும்பும்போது ஐ.என்.ஏ.வில் இறங்கி மார்க்கெட்டுக்குப் போனால் எல்லாம் ஷட்டர். திங்கட்கிழமை விடுமுறை. எப்படி மறந்தேன்? வீட்டுப் பக்கத்துத் தள்ளுவண்டியில் முருங்கைக்காய் வாங்கினேன். முற்றல். கறிவேப்பிலை அவனிடம் இல்லை.

ராஜி பையைத் திறந்தாள். "ஐ.என்.ஏ.ல கூட்டமா?"

"கூட்டம்தான்."

"அச்சா."

கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

சரியாகத் தூங்கவில்லை. காலையில் வெயில் ஒரு மணி நேரம். ரஜாய்ப் போர்வையைக் காயப்போட்டோம்.

பொருள் 2 தெளிவாகிவிட்டது. ஞாபகம் அல்ல. முப்பத்தாறு வருடம் அமைச்சகத்தில் குறிப்பு எழுதினேன். விதி இது, முன்மாதிரி இது, இப்படிச் செய்தால் இந்தச் சிக்கல், அப்படிச் செய்தால் அந்தச் சிக்கல், உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது. முடிவு எழுதினால் மேலே இருப்பவர் மாற்றுவார். மாற்றினால் என் யோசனை தவறு என்று ஃபைலில் நிரந்தரமாக இருக்கும். எழுதாவிட்டால் யாரும் மாற்ற முடியாது. என் குறிப்பு ஒன்றையும் யாரும் மாற்றியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஓய்வு பெற்ற விழாவில்கூட.

ஒரு ப்யூனின் விதவைக்கு வேலை தரும் ஃபைல். தரலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. எழுதவில்லை. இரண்டு கோணமும் எழுதினேன். "பேசவும்" என்று குறித்து மேலிருந்து திரும்பி வந்தது. போய்ப் பேசினேன், அங்கும் இரண்டு கோணம். ஃபைல் இரண்டு வருடம் சுற்றியது. அந்த அம்மாள் ரிசப்ஷனில் பச்சை ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள். அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

11 மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். ராஜி குளித்துக்கொண்டிருந்தாள். 29-ம் தேதி உறுதிதானா என்று கேட்டார்கள். டாக்டர்தானே மாற்றினார் என்றேன். "இல்ல ஜி, மேடமே பதினாறு வேண்டாம்னாங்க."

பயப்படுகிறாள் போலிருக்கிறது. கேட்கவில்லை. கேட்டால் என் முகத்தையும் பார்ப்பாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில்தான். பால் பொங்கினபோது நான் அட்டவணை படித்துக்கொண்டிருந்தேன். ராஜி கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். தீபாவும் மருமகனும் பெங்களூரிலிருந்து வீடியோவில். "அப்பா, கறுப்புக் கோட்டு தெச்சாச்சா?" கேமராவை ராஜி பக்கம் திருப்பினேன்.

நீலம் சொன்ன வழி: முதல் வரியிலேயே முடிவை எழுதிவிட வேண்டும், காரணம் பிறகு. பயிற்சிக்கு ஏழு கேள்வி. நான்கில் கை தானாகவே "எனக் கருதப்படலாம்" என்று எழுதிவிட்டது. அடித்தேன். ஐந்தாவதில் முடிவு எழுதினேன். புத்தகத்தைப் பார்த்தால் தவறு. வியர்த்தது, இந்தக் குளிரில்.

ராஜி டீ வைத்துவிட்டு நின்றாள். நான் புத்தகத்தின் மேல் நியூஸ் பேப்பரைப் போட்டேன். இன்றைய பேப்பர் இல்லை, நேற்றையது. கவனித்தாளா தெரியவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பனி. மெட்ரோ தவிர எதுவும் ஒழுங்காக ஓடவில்லை.

செய்ய வேண்டியவை: ஹால் டிக்கெட் இரண்டு பிரதி. நீல பேனா மூன்று. ஆதார். கையுறை (விரல் வெட்டியது). செவ்வாய்க்கு ராஜியிடம் என்ன காரணம்? பென்ஷன் ஆபீஸ். அது திறந்திருக்கும், பார்த்துவிட்டேன்.

பொருள் 5. எழுதிவிடலாம். தேர்வுக்கே போகாமல் இருந்தால் ரிசல்ட்டில் "வரவில்லை" என்று வரும். தோல்வி என்று வராது. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், எனக்கே. நேற்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போவதற்கு நான்கு காரணம், போகாமலிருக்க ஐந்து. எண்ணிப் பார்த்தபோதுதான் உறைத்தது, மறுபடி அதே தாள். கிழித்துப் போட்டேன்.

போகிறேன்.

படியில் இறங்கும்போது ராஜி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். மூன்று மாடி, லிப்ட் இல்லை. எவ்வளவு நாளாக இப்படி?

ஜனவரி 20, செவ்வாய்

5.30-க்கு எழுந்தேன். பனியில் ரிக்‌ஷாக்காரர் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். கத்திக் கூப்பிட்டேன். நான் கத்தினதை நானே கேட்டு வெகு நாளாயிற்று.

ஹாலில் ஜன்னல் கண்ணாடி உடைசல், நேராக என் மேல் காற்று. பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண் வாய்க்குள்ளேயே பிரிவு எண்களை முணுமுணுத்தாள். எல்லாம் பழைய எண். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

முதல் நான்கு கேள்வி: முதல் வரியில் முடிவு. ஒவ்வொன்றுக்கும் பேனா ஒரு நிமிடம் காற்றில் நின்றது. ஐந்தாவது: போலீஸ் காவலில் ஒருவன், "நான்தான் திருடினேன், நகை மாமரத்தடியில் புதைத்திருக்கிறேன்" என்கிறான். நகை அங்கே கிடைக்கிறது. எந்தப் பகுதியை ஏற்கலாம்? பன்னிரண்டு நிமிடம் பாக்கி. இரண்டு பக்கமும் மனதில் ஓட ஆரம்பித்தது. நகை இருக்கும் இடத்தைச் சொன்ன பகுதியை மட்டும் ஏற்கலாம், திருடினேன் என்றதை ஏற்க முடியாது. எழுதினேன். கடைசியில் "எனக் கருதப்ப" வரை வந்துவிட்டது. அடித்தேன். மணி.

தேறுவேனா தெரியாது. மூன்றாவது கேள்வி சந்தேகம்.

2.40-க்கு வீடு. ராஜி தரையில் உட்காராமல் நாற்காலியில், மடியில் தாம்பாளம், பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஷூவைத்தான் கழற்றியிருந்தேன். தலை நிமிராமல் கேட்டாள்.

"எவிடென்ஸ் எப்படி எழுதினீங்க?"

"பென்ஷன் ஆபீஸ்ல..."

"பென்ஷன் ஆபீசுக்கு யார் மூணு பேனா எடுத்துட்டுப் போறா?"

இன்னொரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன். அவள் உரித்துக்கொண்டே சொன்னாள். "பாஸானா புஸ்தகம் கட்டிலுக்கு அடியில போகும். ஆறு வருஷமா நான்தானே பெருக்கறேன். ஒண்ணு மட்டும் மறுபடி மேஜை மேல ஏறி, சட்டை வேற போட்டுக்கிச்சு. ஐ.என்.ஏ. திங்கட்கிழமை மூடியிருக்கும், கூட்டம்ங்கறீங்க. பையில கறிவேப்பிலையைக் காணோம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் வக்கீல் சாருக்கு?"

"எப்போதிலிருந்து தெரியும்?"

"கேசரி குடுத்துட்டு வந்து பார்த்தேன், நீங்க அதைத் தொடவே இல்ல. அப்பவே."

"ஏன் கேட்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். சரி, பரீட்சை முடியட்டும், அப்புறம் என் முட்டியைப் பார்த்துக்கலாம்னு டாக்டர்கிட்ட இருபத்தொன்பதுன்னு வாங்கிட்டேன். நான் பதினாறாம் தேதி ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டா இன்னிக்கு நீங்க எங்க எழுதுவீங்க? ஆஸ்பத்திரி வராந்தாவுலயா?"

ஒரு பட்டாணி உருண்டு ஹீட்டருக்கு அடியில் போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"இப்ப சொல்லுங்க. ஆபரேஷன் செஞ்சுக்கவா வேண்டாமா? தாள் வேண்டாம். வாயால சொல்லுங்க."

"செஞ்சுக்கோ."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இருபத்தொன்பது."

அவள் எழுந்து, கையை முழங்காலில் ஊன்றி, மிளகாய்த்தூள் டப்பா இருக்கும் அலமாரிப் பக்கம் போனாள். அந்தத் தாளை எடுத்துப் பட்டாணித் தோலை அதில் கொட்டி மடித்தாள்.

மாலை 5. நோட்டை எடுத்து முதல் பக்கம் பார்த்தேன். பொருள் 3 தவறாக இருக்கக்கூடும் என்று எழுதினேன். அதை அடித்துவிட்டேன்.

பொருள் 3 தவறு.