சிரித்தது நான்தான், அப்பா

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். படிக்காவிட்டால் நல்லது. படித்துவிட்டால் யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அம்மாவிடம் யாரும் வாசித்துக் காட்டிவிட வேண்டாம்.

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் நாகலாபுரம் பஸ்ஸில் இப்போது வேறு கண்டக்டர். விசில் அடிப்பார், டிக்கெட் கிழிப்பார், அவ்வளவுதான். "எழவு வீட்டுக்குப் போற மாதிரில்லா இருக்கு" என்று வத்தல் மூட்டை ஏற்றுகிற பெண்கள் சொல்கிறார்களாம். தம்பிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. இன்னும் மழை இல்லை.

அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். கரண்ட் போய்விட்டது. சிம்னி விளக்குதான். அம்மாவும் தம்பியும் முன்பக்கம் பட்டாசாலையில் தூங்குகிறார்கள்.

உங்கள் ஆள் நடித்த புதுப் படம் வந்தது அப்பா. அம்மா அந்தச் சிரிப்பு நடிகரை அப்படித்தானே சொல்வாள்? எல்லாப் படத்திலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்காருவாரே, அவர்தான். அம்மா ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் நீங்களும் அதைத்தான் செய்து காட்டுவீர்கள். பஸ்ஸில் சில்லறை இல்லை என்று யாராவது சொன்னாலும் அதே சறுக்கல். விளாத்திகுளம் வரைக்கும் பஸ் சிரித்துக்கொண்டே போகும்.

இந்தப் படத்தில் அவர் சிரிப்பு நடிகர் இல்லை. பஞ்சுக் கிட்டங்கிக் காவல்காரர், ஒரே மகளைப் பெற்றவர். கடைசியில் மகள் வீட்டு வாசலில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சறுக்குகிறார். நிஜமாகவே செத்துப்போகிறார்.

வாரப் புத்தகத்தில் விமர்சனம் வந்திருந்தது. நம் தெருவில் ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே புத்தகம், வீட்டுக்கு ஒரு நாள் என்கிற ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. நம் முறை வரும்போது நான் சத்தமாக வாசிப்பேன், அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டே கேட்பாள். "சிரிக்க வைக்கத் தெரிந்தவர் அழ வைக்க ஆசைப்பட்டிருக்கிறார். உருக வேண்டிய கடைசிக் காட்சியில் கொட்டகையே சிரிக்கிறது. ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய தோல்வி உண்டா?" என்று எழுதியிருந்தார்கள்.

"சிரிக்க வச்சிட்டுச் செவனேன்னு போகாம இவியளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் அம்மா.

எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வருஷம் திரும்பாத வீட்டில் சினிமாவுக்குப் போகக் கூடாது என்று தெரியும். ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுப் பேச்சியம்மாளோடு மேட்னி ஷோ போனேன். நீங்கள் கோபப்படுவீர்களா?

விமர்சனத்தில் எழுதியிருந்தது உண்மைதான். அவர் நெஞ்சில் கை வைத்ததுமே விசில் பறந்தது. "விழப்போறாருடோய்" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். என் பக்கத்தில் ஒரு அக்கா, "ஐயோ, வயிறு வலிக்கே" என்று மடியிலிருந்த பிள்ளையைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். சிரிக்காதீங்க என்று நான் சொன்னது அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

"ஏ புள்ள, உக்காரு. மறைக்கில்லா" என்றார் அந்த அக்கா.

அவர் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள் அப்பா. அந்த முகத்தை நான் முன்னமே பார்த்திருக்கிறேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் டிரைவர் மாமா வந்தார். "மதினி, அண்ணாச்சி நெஞ்சப் பிடிச்சிக்கிட்டுப் படியில சாஞ்சப்ப நாங்க எல்லாரும் சிரிச்சிட்டோம். விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டே சிரிச்சிச்சு. எப்பவும் போல நடிக்காருன்னுல்லா நெனச்சோம்" என்று அழுதார். அம்மா அழவில்லை. "ஒரு மனுசன் உயிர் போறது உங்களுக்குச் சிரிப்பாணியா இருந்துச்சோ? இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க" என்றாள். அவர் பிறகு வரவே இல்லை. குழாயடியில் மாமாவின் வீட்டு அத்தையைப் பார்த்தாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், "காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பனே" என்று.

நீங்கள் சொன்னீர்கள் அப்பா. என்னிடம் சொன்னீர்கள்.

அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே, "ஏட்டி, நெஞ்சு ஒரு மாதிரியாப் புடிக்கி" என்று சுவரில் சாய்ந்தீர்கள். நான் சிரித்தேன். "இன்னும் நல்லாச் சறுக்கணும்ப்பா, உங்க ஆளு தரையில உக்காந்திருவாருல்லா" என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். அப்புறம் நீங்களும் சிரித்துக்கொண்டு சறுக்கித் தரையில் உட்கார்ந்தீர்கள். நான் கை தட்டினேன்.

என்னைச் சிரிக்க வைக்க உட்கார்ந்தீர்களா, நிற்க முடியாமல் உட்கார்ந்தீர்களா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

படம் பார்த்த மறுநாள் அந்தப் புத்தகத்துக்கு ஒரு கார்டு போட்டேன். நடிகர் தோற்கவில்லை, அழ வேண்டிய இடத்தில் சிரித்தது நாம்தான் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் அப்பா இப்படித்தான் ஒரு காலையில் என்னிடம் நெஞ்சு வலிக்கிறது என்றார், நான் சிரித்தேன், மத்தியானம் அவர் இல்லை என்றும் எழுதிவிட்டேன். கீழே பெயரும் ஊரும். நீங்கள் ஒவ்வொரு படத்துக்கும் கார்டு போட்டீர்களே, ஒன்றாவது வந்ததா? அந்தத் தைரியம்தான் எனக்கு.

இந்த வாரம் வந்துவிட்டது அப்பா. வாசகர் கடிதத்தில் முதல் கடிதமே அதுதான், கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் எதிர் வீட்டு டீச்சர் புத்தகத்தைத் தரும்போது என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

கரண்ட் இல்லை, வாசிக்க முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். "அதனாலென்ன, காலையில உங்க சித்தி வாங்க வருவால்லா, அவளே ரெண்டு கதை வாசிச்சுச் சொல்லட்டும்" என்றாள். சித்தி குழாயடியில் வைத்து வாசிப்பவள். ஒரு எழுத்தையும் விடமாட்டாள்.

அந்தப் பக்கத்தை அடுப்பில் போடலாம் என்றுதான் இங்கே வந்தேன். இரண்டு தடவை கிழிக்கப் பார்த்தேன். டீச்சர் வீட்டில் படித்தாயிற்று, அதற்கு முந்தின வீட்டிலும் படித்திருப்பார்கள். கிழித்து யாருக்கு மறைக்க? சினிமாவுக்குப் போனதற்குச் சித்தப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினால்கூடப் போய்விடுவேன். டிரைவர் மாமாவைப் பார்த்ததுபோல அம்மா என்னைப் பார்த்தால், அதே வீட்டில் நான் எங்கே உட்காருவேன் அப்பா?

ஆனாலும் சித்தி வாயிலிருந்து அம்மா இதைக் கேட்கக் கூடாது. விடிவதற்குள் நானே அம்மாவை எழுப்பி வாசிக்கிறேன். கார்டில் எழுதாததையும் சொல்கிறேன், கை தட்டினதையும் சொல்கிறேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. நீங்கள் மட்டும் அந்த நேரத்தில்...

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

"ஏட்டி, உள்ள என்ன வெளிச்சம்? அழுதியா?"

விளக்கை அணைக்கவில்லை அப்பா. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன். திறக்கப் போகிறேன்.

உங்கள் மூத்த மகள்