உன் பேரை அங்கேயே எழுதிக்கோ

சித்தூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் நந்திதாவுக்கு அம்மா எழுதுறது. இங்கே நானும் உன் நைனாவும் நல்லா இருக்கோம், நல்லா இல்லாதது என் முட்டி ஒண்ணுதான், அதுவும் மாடிப்படியைப் பார்த்தால்தான் முனகுது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர்லே சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு திருச்சானூர் தாயாரை வேண்டிக்கிட்டு எழுதுறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதுக்குன்னு கேப்பே. போன்லே நான் எதைச் சொன்னாலும் உனக்குச் சிரிப்பு வருது, உன்னைப் பார்த்து எனக்கும் வருது, அப்புறம் சொல்ல வந்தது காத்தோட போயிடுது. இது அப்படிப் போக விடற விஷயம் இல்லே. திருப்பதியிலே இருக்கிற உன் சித்தி மகன் யஸ்வந்த் உங்க லெஸ்டருக்கே படிக்கக் கிளம்புறான், அவன் பெட்டியிலே வடகத்துக்கு அடியிலே இதை வெச்சு அனுப்புறேன்.

வீட்டு லோன் இல்லேன்னு பேங்க்லே சொல்லிட்டாங்கன்னு நீ அன்னைக்கு அழுதே பாரு, அதிலேருந்து இந்த வீட்டிலே சோறு யாருக்கும் சரியா இறங்கலே. ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, ஒரு தவணை தவறலே, ஆனாலும் கடனை ஒழுங்காக் கட்டுவோமான்னு பார்த்துப் போடற ஸ்கோர் பத்தலையாம். இந்த விலாசத்திலே இருக்கிறது நீதானான்னு ஸ்கோர் போடறவங்க ஓட்டர் லிஸ்ட்லே பார்ப்பாங்க, உன் பேரு ஏன் அதிலே இல்லேன்னு பேங்க் அம்மா கேட்டாங்கன்னு சொன்னே. எங்க நைனா வேணாம்னாருன்னு பதில் சொன்னேன்னும் சொன்னே. ஸ்பீக்கர்லே போட்டிருந்தேன்டி. பக்கத்திலே வேர்க்கடலை உரிச்சிக்கினு இருந்த மனுஷன் கையை அப்படியே நிறுத்திட்டாரு.

அவர் ஏன் வேணாம்னாருன்னு உனக்கும் தெரியும். எல்லாம் உன் துலுக்காணம் மாமா பண்ண வேலை. என் கூடப்பிறந்த அண்ணன், இல்லேன்னு சொல்ல முடியாது. வீடு ஆந்திராவிலே நகரி பக்கம், நிலம் தமிழ்நாட்டிலே பள்ளிப்பட்டு பக்கம், ஓட்டர் லிஸ்ட்லே பேரு ரெண்டு பக்கமும். எல்லைக் கிராமத்திலே அப்போ அது ஒரு தப்பாவே யாருக்கும் தோணலே, ரெண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் மொய் வைக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட்டுக்கினு இருந்தாரு. அந்த வருஷம் அந்தப் பக்கம் வெச்ச மை காயறதுக்குள்ள இந்தப் பக்கமும் எலக்‌ஷன் வந்துடுச்சு. விரல்லே கட்டுப் போட்டுக்கினு போயி தேள் கொட்டிடுச்சுன்னாரு. பூத்திலே இருந்த டீச்சர், பாவம் அவிழுங்க பார்க்கலாம்னு பரிவாக் கேட்டாங்க. அத்தோட கேஸு. ஜாமீன் கையெழுத்து உன் நைனா. சித்தூர் கோர்ட்டு வாசல்லே மனுஷன் பட்ட அவமானத்திலே பொறந்த சட்டம்தான் ஒருத்தருக்கு ஒரு ஊர்லேதான் பேருங்கிறது, உன் பேரோ இங்கே சித்தூர் லிஸ்ட்லே இருக்கு. நீ அப்போ ஸ்கூல் யூனிபார்ம்லே நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தே. ஓட்டர் லிஸ்டுக்காக உங்க ஊர் கவுன்சில்காரங்க இந்த வீட்டிலே யார் யார் இருக்கீங்கன்னு அனுப்பின காகிதத்தை, மாமா விரலை நினைச்சுப் பயந்து ஓரமாப் போட்டவ இங்கிலாந்திலேயே நீ ஒருத்தியாத்தான் இருப்பே.

சிரிச்சாச்சு, இனிமே கேளு. லோன் கிடைக்கலேன்னா என்ன, நான் மொத்தமா அனுப்புறேன்னு உன் நைனா வடமாலபேட்டை மாந்தோப்புக்கு விலை பேசிட்டாரு. தரகன் ரமணாவுக்கு வாக்கும் கொடுத்துட்டாரு. வயசான காலத்திலே நாங்க சாப்பிடப் போறது அந்த மரங்களைத்தான் நம்பி. உன்கிட்டே மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு, என் சத்தியம் எவ்வளவு நாள் தாங்கும்னு உனக்குத் தெரியாதா.

நான் அவரை இழுத்துக்கினு போயி மாமா கேஸை நடத்தின வக்கீல் கிஷோரையே பார்த்தேன். ஒரே இடத்திலேதான் பேரு இருக்கணுங்கிறது நம்ம நாட்டுக்குள்ளே, அங்கே இந்தியாக்காரங்க பதிவு பண்ண அந்த நாடே விடுது, அதனாலே எந்தக் கேஸும் வராதுன்னு சொன்னாரு. நைனா அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாரு. வக்கீலுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அப்படியும் அவர் மனசு ஒப்பலே. அந்த வாரமே அங்கன்வாடி மோனிகா வீடு வீடா ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வந்தா. நந்திதா எங்கேன்னா, திருப்பதிக்குப் போயிருக்கு, ஞாயித்துக்கிழமை வந்துடும்னு உன் நைனா வாய் கூசாம சொல்றாரு. அவ மறுபடி வரும்போது பார்த்தா வாசல்லே உன் பழைய செருப்பு. பரண்லேருந்து எடுத்து, துடைச்சுக்கூட வைக்கலே. மோனிகா செருப்பைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. எனக்குச் சிரிப்பு வரலே நந்து. அவ லெஸ்டர்லே இருக்கா, அங்கேதான் வீடு வாங்கப் போறான்னு சொல்லிட்டேன். அப்போ இந்த விலாசத்திலே பேரை வெச்சிருக்க முடியாது, இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிற வரைக்கும் வெளிநாட்டிலே இருக்கிறவங்கன்னு தனியா விண்ணப்பம் போட்டுக்கலாம், அது அவங்க இஷ்டம்னு சொல்லி, பேரை எடுக்கிறதுக்கான காகிதத்தை நீட்டினா. கையெழுத்துப் போட்டேன். அதுக்கு நீ என்னைத் திட்டணும்னா திட்டிக்கோ.

அவ போனப்புறம் நைனா அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வெச்சாரு. அப்புறம், இந்த வீட்டு லிஸ்ட்லே இதுக்கு முன்னாடி அடிச்சது செத்துப்போன எங்க அம்மா பேரும் எங்க நைனா பேரும்தான் கன்னிகான்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. மாமா கேஸுங்கிறதெல்லாம் சும்மா, உள்ளே இருந்த பயம் இதுதான்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. லிஸ்ட்லே இருந்ததாலே நீ எங்க கூட இருக்கலே, இல்லாததாலே எங்களை விட்டுப் போகவும் இல்லேன்னு இப்போ எழுத வருது. அப்போ அவர் பக்கத்திலே போயி உட்கார்ந்துக்கினேன்.

மறுநாள் காலையிலே அவரே ரமணாவுக்குப் போன் பண்ணி தோப்பு கொடுக்கிறதா இல்லேன்னுட்டாரு. ரமணா கத்தினது வாசல் வரைக்கும் கேட்டுது. அதனாலே இனிமே உன் கையிலேதான் இருக்கு. இதைப் படிச்ச அன்னைக்கே பதிவு பண்ணிடு. பண்ணின உடனே ஸ்கோர் ஏறிடாது, லிஸ்ட்லே பேரு வந்து அவங்க பார்க்கிறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்னு யஸ்வந்த் சொல்றான். அதுவரைக்கும் அவசரப்பட்டு வேற வேற பேங்க்லே போய்க் கேட்காதே, கார்டுக் கணக்கைத் தேதி தவறாம கட்டு. இது ஒண்ணாலேயே எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரலே, ஆனா தடுத்துக்கினு இருந்தது நம்ம பயம்னா அது நகரட்டும். யஸ்வந்துக்கு முதல் வாரமாவது சோறு போடு, வடகத்தை அவனே துன்னுட்டு வெறும் பையைக் கொடுத்தா எனக்குச் சொல்லு.

சொந்த வீட்டிலே விளக்கேத்தி மூணு பேரும் நோய் நொடி இல்லாம நிறைஞ்சு இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கன்னிகா

இதை ஒட்டப் போகும்போது நைனா வந்து ஒண்ணு எழுதச் சொன்னாரு. பதிவு பண்ணின வீட்டு நம்பரையும் தெரு பேரையும் தமிழ்லே எழுதி அனுப்பணுமாம். பொண்ணு எங்கே இருக்குதுன்னு யாராவது கேட்டா இதுவரைக்கும் ஃபாரின்னு மட்டும்தான் சொல்லிக்கினு இருந்தாராம்.