ஹசன், ஹுசன் என்று எனக்கு இரண்டு பிள்ளைகள்

ஏப்ரல் 11

ஒரு பேருந்து நிறைய கசாக் பெண்கள். புகாராவின் ஏழு மகான்களின் அடக்கத்தலங்களையும் ஒரே நாளில் ஜியாரத் செய்தாக வேண்டுமாம். வழிகாட்டியான எனக்குக் காலே கிடையாது என்று நினைப்பு. நான் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் எப்போதும்போல அந்தக் கேள்வி. "உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

கல்யாணமாகி ஒன்பது வருடம். இல்லை என்றால் பேருந்து முழுக்க எனக்காகப் பிரார்த்தித்துக் கையேந்தும். நல்ல மனதுதான். ஆனால் வாரத்துக்கு மூன்று பேருந்து!

நக்ஷபந்த் தர்காவில் விழுந்து கிடக்கும் மல்பெரி மரத்துக்குக் கீழே பிள்ளைவரம் கேட்டு நுழையாதீர்கள், அல்லாஹ்விடம் மட்டும் கேளுங்கள் என்று சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். தலையாட்டிவிட்டு வரிசையாக நுழைந்தார்கள். வெளியே வந்தவர்களில் குல்பாஷ் என்ற பெரியம்மா முழங்காலைத் தட்டிக்கொண்டே கேட்டார். "நீ சொல்லவே இல்லியே. எத்தனை?"

"ரெண்டு பையங்க. இரட்டை."

எங்கிருந்து வந்தது? சத்தியமாகத் தெரியவில்லை.

"ஹசன், ஹுசன்!" என்று அவரே பெயரும் வைத்துவிட்டார். இரட்டைப் பையன்களுக்கு இந்தப் பக்கத்தில் வேறு பெயர் ஏது? கல்யாணமாகி எத்தனை வருடம் கழித்து என்றார். ஏழு என்றேன். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அழுதுவிட்டார். மரம்தான் கொடுத்தது என்று நினைத்துவிட்டார், நான் மறுக்கவில்லை. பொய்யைவிட இதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 12

என் கணவர் ஷுஹ்ரத்திடம் வேடிக்கையாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். டயர் கடையிலிருந்து வந்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். என்ன வேடிக்கை இதில்?

மாமியார் என்னிடம் பேசுவதையெல்லாம் டீ கெட்டிலிடம்தான் பேசுவார். "பக்கத்து வீட்டுல மூணாவது பேரன். நம்ம வீட்டுல எனக்கு மூட்டுவலி."

ஏப்ரல் 30

இப்போது எல்லாக் குழுவிடமும் அதையே சொல்கிறேன். நாக்கு பழகிவிட்டது. ஹசன் மூத்தவன், சாது. ஹுசன் சோறு தின்ன மாட்டேன் என்று அடம்பிடிப்பான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊரில் கணவன் மனைவியை மூத்த பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஷுஹ்ரத்துக்கு நான் "இந்தா". இன்று தர்கா வாசலில் ஒருத்தி "ஹசனம்மா!" என்றாள். உடனே திரும்பினேன். திரும்பிய வேகம் எனக்கே பயமாக இருந்தது.

மே 19

முதலாளி ஜம்ஷித் போனில் குதிக்கிறார். "இரட்டைப் பிள்ளை பெத்த கைடுதான் வேணும்னு கேக்குறாங்க, மவ்ஜுதா! இத ஏன் என்கிட்ட மொதல்லயே சொல்லல? எல்லாக் குரூப்புலயும் போட்டுட்டேன்." வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம், என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. மறுக்க வாயைத் திறந்தேன். மே கடைசி வரைக்கும் பேருந்து நிரம்பிவிட்டது என்றார். மூடிக்கொண்டேன்.

மே 20

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மே 21

சொல்லவில்லை.

ஜூலை 16

வெயிலில் கூட்டம் கிடையாது. வீட்டிலேயே கிடப்பது அதைவிடக் கொடுமை. முற்றத்தைப் பெருக்குகிறேன், தண்ணீர் தெளிக்கிறேன், திரும்பவும் பெருக்குகிறேன்.

மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் மகனிடம் சொல்வது கேட்டது. "இந்த வருஷம் பாப்பேன். அப்புறம் வேற பொண்ணு பாக்குறதா இருக்கேன்." ஷுஹ்ரத் மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று துடைப்பத்தோடு நின்றேன். ஒன்றும் வரவில்லை.

நான் மூன்று தடவை பரிசோதனை செய்துகொண்டவள். எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் டாக்டரம்மா சொல்கிறார். ஷுஹ்ரத்தை அழைத்துவரச் சொல்கிறார். கேட்டால் கடையில் ஆளில்லை என்பார். இல்லாவிட்டால் "ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்பார். என்ன மனுஷன் இவர்! எனக்காக வேண்டாம், தனக்காகவாவது...

செப்டம்பர் 14

எழுதித்தான் ஆக வேண்டும்.

வேலை முடிந்து வந்தால் வாசலில் தெரியாத செருப்புகள். உள்ளே, ஏப்ரலில் வந்த அந்தக் குல்பாஷ் பெரியம்மா. ஜம்ஷித்திடம் விலாசம் வாங்கி நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்தில் அவர் மருமகள் அய்ஜர்கின், தலையே நிமிராத பெண். விரிப்பின் மேல் இரண்டு சின்னத் தொப்பிகள், தங்க நூல் வேலை.

"பசங்க எங்கன்னு கேட்டுட்டே இருக்கேன்" என்றார் குல்பாஷ்.

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் ரொட்டியைப் பிய்த்து விருந்தாளி பக்கம் நகர்த்தினார். "கிஜ்துவான்ல இருக்காங்க, அம்மா வழிப் பாட்டி வீட்டுல. ரெண்டும் வாலில்லாத குரங்கு. நேத்துதான் அனுப்பி வச்சேன், இல்லேன்னா இந்தக் கிண்ணத்துல ஒண்ணாவது மிஞ்சியிருக்குமா?"

என் மாமியார். எனக்காக. அதுவும் எவ்வளவு சரளமாக! சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், நான் இந்த வீட்டுக்கு வந்து பார்த்ததே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குல்பாஷ் பெருமூச்சு விட்டார். "கொடுத்து வச்சவங்க நீங்க. இவளயும் நாளைக்கு அந்த மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அடுத்த வருஷத்துக்குள்ள ஒண்ணும் நடக்கலேன்னா என் பையனுக்கு வேற பொண்ணுதான்." அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் மாமியார் ஒரு தொப்பியை இன்னொன்றுக்குள் செருகினார்.

"எப்பத்துலேர்ந்து?"

"ஏப்ரல்லேர்ந்தும்மா."

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தியா? அவ முன்னாடியே சொல்றா அந்தப் பொம்பள. என்ன நெஞ்சு இது!"

"நீங்களும் சொன்னீங்க. ஜூலைல. சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு."

வாய் தவறி வரவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னேன். மாமியார் கெட்டிலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே கேட்டார். "டாக்டரு உனக்கு என்ன சொன்னாங்க?"

"ஒரு குறையும் இல்லைன்னாங்க. மூணு தடவையும்."

"அவனுக்கும் அப்படித்தான் சொன்னாங்களாமே."

"அவரு போகவே இல்லம்மா."

"போயிட்டு வந்துட்டேன், எல்லாம் நல்லாருக்குன்னு என்கிட்ட சொன்னானே!"

அடப்பாவி. பொய்யில் எனக்கு அண்ணன்.

செப்டம்பர் 15

விடிந்ததும் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு ஓடினேன். குல்பாஷ் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். அய்ஜர்கின் மட்டும் அறையில் இருந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை என்றேன். மரத்தை நம்பாதே, அல்லாஹ்விடம் துஆ செய், உன் வீட்டுக்காரரையும் டாக்டரிடம் அழைத்துப் போ என்றேன்.

"ஏன் சொன்னீங்கக்கா?" என்றாள். "நேத்து ராத்திரிதான் நான் நிம்மதியா தூங்குனேன்."

கன்னத்தில் அறைந்திருக்கலாம் அவள். தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டே, வாசல்வரை வந்தாள். "டாக்டர் விஷயத்த என் மாமியார்கிட்ட யார் சொல்றது? நீங்களா?"

நானே இறங்கிப் போய்ச் சொன்னேன். குல்பாஷ் கத்தியதில் விடுதியே திரும்பிப் பார்த்தது. கத்தட்டும். எனக்கு வேண்டியதுதான்.

செப்டம்பர் 17

ஜியாரத் குழுக்கள் எனக்கு இனி இல்லை என்று ஜம்ஷித் சொல்லிவிட்டார். ஓடு வேலைப்பாடு பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்கள்தான் மிச்சம். மினார் கோபுரத்தின் உயரம் கேட்கிறார்கள், கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இதற்குத்தானே தவித்தேன்? பின் ஏன் சாயங்காலம் ஆனால் ஹுசன் சாப்பிட்டானா என்று நினைப்பு ஓடுகிறது?

செப்டம்பர் 22

மாமியார் காலையில் நல்ல வெல்வெட் உடுப்பைப் போட்டுக்கொண்டு டயர் கடைக்கே போய்விட்டார். அத்தனை பேர் முன்னாலும் "கையக் கழுவு, கிளம்பு" என்றாராம். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து எனக்குப் போன் செய்தார். "உள்ள போயிருக்கான். கதவுக்கு எதிர்லயேதான் உக்காந்திருக்கேன். எப்படி ஓடுறான்னு பாப்போம்."

செப்டம்பர் 30

முடிவு வந்துவிட்டது. குறை அவரிடம். மருந்து இருக்கிறதாம், நாள் பிடிக்குமாம், உறுதி சொல்ல முடியாதாம்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முற்றத்துக் கட்டிலில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். "பயமா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், அதை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 9

இன்று தெருப் பெண்களின் மாதக் கூட்டம் எங்கள் வீட்டில். நான் சமையலறையில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல ஆரம்பித்தாள். "ஒய்நிசா, உன் மருமக இன்னும் ஒண்ணும்...?"

கத்தியை வைத்துவிட்டேன். டீ ஊற்றும் சத்தமும் நின்றுவிட்டது.

"அவள எதுக்குக் கேக்குற?" என்றார் மாமியார், தெருவுக்கே கேட்கும் குரலில். "குறை என் பையன்கிட்ட. வைத்தியம் பாக்குறோம். இனி கேக்குறதா இருந்தா அவன் அம்மா நான், என்னயக் கேளுங்க."

மகனைப் பற்றி இப்படிச் சொன்ன தாயை எங்கள் தெரு இதுவரை கண்டதில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மவ்ஜுதா!" என்று உள்ளிருந்து மாமியார் குரல். "என்ன பண்ற அங்க தனியா? வந்து என் பக்கத்துல உக்காரு."

முகத்தைக் கழுவிக்கொண்டு, பழத்தட்டோடு போய் உட்கார்ந்தேன்.