முதல் டம்ளர் தண்ணீர்

அன்பு அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு வயிறு மட்டும் லேசாகப் படுத்துகிறது, பயப்படாதே.

புதுக் குடிநீர்க் குழாய்த் திறப்பு விழாவில் எங்கள் தலைமைப் பொறியாளர், "குளோரின் நானே பார்த்துட்டேம்மா. நீ குடிச்சுக் காட்டு, ஜனங்க நம்புவாங்க" என்றார். என்னைத் தன் மகள் என்று சொல்லிக்கொள்கிற மனிதராயிற்றே. குடித்தேன். என்னைப் பார்த்துத் தெருவே குடித்தது. அவர் மட்டும் காரில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

உடனே என் சோதனைப் பெட்டியை எடுத்துக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். குளோரின் துளியும் இல்லை.

"குளோரின் கலக்குற மெஷின் அடுத்த வாரம்தான் வரும். அதுக்காக விழாவ நிறுத்த முடியுமா?" என்று சிரித்தார்.

வால்வை மூடிவிட்டு, குடிக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வால்வை மூடியதற்காக என்னை விசாரிக்க ஆபீசில் கூப்பிடுகிறார்கள், கிளம்புகிறேன். ராத்திரியில் குளிர்கிறது, என் பழைய போர்வையை அனுப்பு.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடி. நல்ல தண்ணீர் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும்.

உன் மகள்